துரை திறந்த கடை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் அந்தக் கால ரப்பர்த் தோட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால், எந்தத் தோட்டத்துக்காரரும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் வரைவார். மேட்டில் வெள்ளைக்கார மேலாளரான துரையின் பங்களா. சற்றுக் கீழே தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் வீடு, ஆபீஸ், பால் ஸ்டோர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டினால் வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். பக்கத்தில் ஆயாக் கொட்டகை, தகரக் கூரை போட்ட தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், எல்லையில் முனியாண்டி. லயத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் கள்ளுக்கடை. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று ஊர்ப்பெயர் மாறும். இந்த அமைப்பு பெரிதாக மாறாது.

இவை ஒவ்வொன்றும் வந்த வழி வேறு. கோயிலைத் தொழிலாளர்கள் கூலியில் காசு பிடித்து எழுப்பினார்கள். பள்ளிக்கூடம் சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது. தோட்டத்தில் பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது, பல இடங்களில் அது பேருக்கு நடந்தது. கள்ளுக்கடையை நிர்வாகமே அரசாங்கத்திடம் உரிமம் வாங்கித் திறந்து நடத்தியது.

இந்த ஒரு விவரத்தை மறந்துவிட்டதால்தான் "தோட்டத்துத் தமிழன் குடிகாரன்" என்ற பேச்சு இத்தனை தலைமுறையாக மலேசியாவில் உலவுகிறது. அடுத்தவர்கள் சொல்கிறார்கள், நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். ஏதோ ரத்தத்தில் ஊறிய பழக்கம் போல. குடி அந்த மக்களைச் சிதைத்தது உண்மை. அதை மூடி மறைப்பது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்தக் குடியை யார் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது, காசு எங்கே போனது, அதை மூடச் சொல்லி அடிவாங்கியவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட்டுப் பார்த்திருந்தார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களின் அனுபவத்தோடு வந்த தாமஸ் ஹெஸ்லோப் ஹில் அவர்களில் முன்னோடி. லின்சம் தோட்டம் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. காப்பி விலை விழுந்தது, ரப்பர் விலை எழுந்தது. 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளுக்கு டயர் வேண்டி உலகம் ரப்பருக்கு அலைந்தபோது, நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதிக் காடுகள் மளமளவென்று வெட்டப்பட்டு பால்மரக் காடுகளாயின. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி சொந்த ஊருக்குப் போய் உறவையும் ஊராரையும் திரட்டினார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் கரையிறங்கி, நோய்த் தடுப்பு முகாமில் நாள் கழித்து, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1931 குடிமதிப்பில்கூட மலாயாவில் 1000 இந்திய ஆண்களுக்கு 500 இந்தியப் பெண்கள் இல்லை. குடும்பம் கடலுக்கு அப்பால். பத்தடிக்குப் பத்தடி லய அறையில் முன்பின் தெரியாதவர்களோடு படுக்கை. விடியும் முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும். பால் எடுத்து, நிறுத்து, ஊற்றிவிட்டு வரும்போது பிற்பகல். அதற்குப் பிறகு அந்த மனிதன் எங்கே போவான்? பட்டணம் தூரம். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய காலம். தோட்டத்துக்குள் நான்கு பேர் கூடி உட்கார்ந்து உரக்கப் பேசவும் சிரிக்கவும் நிர்வாகம் மனமுவந்து அனுமதித்த இடம் கள்ளுக்கடை ஒன்றுதான்.

ஊரிலும் கள் இருந்தது. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் படையலில் சாராயமும் சுருட்டும் வைக்கும் வழக்கத்தைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் கிராமத்துக் குடிக்குச் சில வேலிகள் இருந்தன. பெற்றவர்கள் இருந்தார்கள், சாதிப் பஞ்சாயத்து இருந்தது, கையில் காசில்லாத மாதங்கள் இருந்தன, அறுவடைக்கும் திருவிழாவுக்கும் என்று காலக்கணக்கு இருந்தது. தோட்டத்தில் அந்த வேலிகள் போயின. கூலி மாதந்தோறும் வந்தது, கடை நாள்தோறும் திறந்திருந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீமிதிக்குக் காப்புக் கட்டியவரும் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்தவரும் விரத நாள் முழுக்கக் கள்ளைத் தொடாமல் இருந்தார்கள். விட முடியாத பிறவிக் குணம் என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கள்ளின் தன்மையே அது தோட்டத்துக்குள் இருப்பதை வேண்டியது. தென்னம்பாளையைக் கட்டி, பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவி, முட்டியை மாட்டிவிட்டால் நீர் சொட்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானாகப் பொங்கிக் கள்ளாகும்; மறுநாள் புளித்துக் காடியாகும். தேக்கிவைக்கவும் முடியாது, தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே மரமும் மரமேறியும் கடையும் குடிப்பவர்களும் அருகருகே இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் தென்னை வளர்த்தன, மரமேறிகளை வைத்துக்கொண்டன, கடைக்கு நேரம் வகுத்தன, தங்கள் தோட்டத்து ஆட்களுக்கு விற்றன. பட்டணங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் தனியாக இருந்தன.

துரைமார் இதற்குச் சொன்ன நியாயங்கள் கேட்பதற்கு அக்கறை போலவே இருக்கும். கள் இல்லாவிட்டால் கூலிகள் பட்டணத்துக்குப் போய்ச் சீனர் காய்ச்சும் சம்சு சாராயத்தைக் குடித்துக் கெடுவார்கள், நம் கண்ணெதிரே கலப்படமில்லாத கள்ளைக் குடிக்கட்டும் என்றார்கள். கள்ளில் சத்து இருக்கிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. நொதித்த புதுக் கள்ளில் பி வகை உயிர்ச்சத்து இருப்பது உண்மைதான். தீட்டிய அரிசிச் சோறும் கொஞ்சம் கருவாடும் தின்று கிடந்த மக்களுக்குச் சத்துக் குறைவு இருந்ததும் உண்மைதான். அந்தக் குறையை நல்ல சாப்பாட்டால் நிறைக்க வழி தேடாமல் கள்ளால் நிறைக்கலாம் என்று எண்ண முடிந்ததே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

சொல்லாத நியாயம் ஒன்றும் இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே குடிப்பவன் தோட்டத்தை விட்டுப் போக மாட்டான். கையில் மீதி நிற்காதவன் ஊர் திரும்பக் கப்பல் காசு சேர்க்க மாட்டான். ஆளுக்கு அலைந்த முதலாளிக்கு இதைவிட மலிவான கயிறு கிடைக்காது.

விற்ற காசின் கதை இன்னும் வேதனையானது. தோட்டக் கள்ளுக்கடையின் லாபத்தைக் கள்ளு நிதி என்று தனியே வைத்து, தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பந்து விளையாட்டுத் திடல், திருவிழாச் செலவு, கோயில் பழுதுபார்ப்பு, படம் காட்டுதல் என்று அது போயிற்று. அதாவது முதலாளி தன் லாபத்திலிருந்து செய்ய வேண்டிய நன்மைகளைத் தொழிலாளியே தன் ஈரலைக் கொடுத்து வாங்கிக்கொண்டான். அவன் எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு வசதி தோட்டத்துக்கு வரும். இப்படி ஒரு கணக்கை எழுதிவைத்த பிறகு, குடியைக் குறைக்க எந்த நிர்வாகம் முன்வரும்?

அரசாங்கத்துக்கும் போதை புதிய வருவாய் அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பாதியை நெருங்கும் பங்கு அபினிலிருந்து வந்தது. 1910 முதல் சண்டு எனப்படும் காய்ச்சிய அபினின் தயாரிப்பையும் விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிக்கு அபின், பால்மரக் காட்டுத் தமிழனுக்குக் கள் என்று உழைப்பவர்களின் இனத்துக்கொரு போதை பங்கிடப்பட்டிருந்தது. அபினுக்கு எதிராக உலக அளவில் கண்டனம் எழுந்தது. அனைத்துலக மாநாடுகள் கூடின. 1943-ல் பிரிட்டன் தன் ஆசியக் குடியேற்றங்களில் அபின் புகைப்பதை ஒழிக்கப்போவதாக அறிவித்தது, போர் முடிந்து திரும்பியபோது சண்டுக் கடைகளை மீண்டும் திறக்கவில்லை. கள்ளுக்கு அப்படிக் குரல் கொடுக்க உலக மேடை எதுவும் இருக்கவில்லை. குரல் லயத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

வந்தது. அதற்கு ஊர்ச் செய்திகளும் துணையாயின. 1921-ல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியார் சிறைசென்றார். பின்பு அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். சேலம் தாதம்பட்டியில் தம் தோப்பிலிருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை அவர் வெட்டிச் சாய்த்ததும் அந்த நாட்களில்தான். 1929-இல் ராஜாஜி மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து நடத்தினார். 1937 அக்டோபர் முதல் நாள் அவருடைய அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதே சேலத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அங்கே கடை மூடிய செய்தி, இங்கே கடை திறந்திருந்தபடியே வந்து சேர்ந்தது.

1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து சுற்றிப் பேசிவிட்டுப் போனார். தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு'ம், கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்' இதழும் படிக்கத் தெரிந்த சிலரால் லயத்து வாசலில் உரக்க வாசிக்கப்பட்டன. தோட்டப்பள்ளி ஆசிரியர், கிராணி, தண்டல் என்று எழுத்தறிந்த சிலர் இருந்த தோட்டங்களில் கள்ளுக்கு எதிரான பேச்சு சூடு பிடித்தது. இந்த ஆசிரியர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. கிராணியின் கோபத்துக்கும் துரையின் விரலசைவுக்கும் அஞ்சி வாழ வேண்டிய வேலையில் இருந்துகொண்டு அவர்கள் செய்த காரியம் சாதாரணமானதல்ல.

கூலியோ ஏறவில்லை. நல்ல காலத்தில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுத்தது, 1930-களின் மந்தத்தில் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரப்பர் விலை மீண்டபோதும் கூலி அதே வேகத்தில் மீளவில்லை. 1938-ல் இந்திய அரசாங்கம் உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. புதிய ஆள் வரவில்லை என்பதால் இருந்த ஆளின் குரலுக்கு முதன்முறையாக எடை கூடியது.

அந்தக் குரல் 1941-ல் கிள்ளானில் வெடித்தது. தமிழ் நேசனில் பணிபுரிந்த ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியல் இன்றைக்குப் படித்தாலும் மயிர்க்கூச்செறிய வைக்கும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லாத உரிமை. அவற்றோடு சரிநிகராக ஒன்று: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். குடிக்கிறவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ அவர்களே, வேலையை நிறுத்தி, பட்டினி கிடந்து, கடையை மூடு என்றார்கள். மே மாதம் நாதன் கைதானார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுதும் பரவி நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் எட்டியது. பட்டாளம் இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். கூலியில் சில காசு ஏறியது. கள்ளுக்கடை திறந்தே இருந்தது.

அடுத்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன பல்லாயிரம் தமிழரில் திரும்பி வராதவர் எத்தனையோ பேர். அந்த மூன்றரை ஆண்டு தோட்டங்களை உலுக்கியது போல் வேறெதுவும் உலுக்கியதில்லை. நேதாஜியின் படையில் அணிவகுத்த இளைஞர்கள் போர் முடிந்து லயத்துக்குத் திரும்பியபோது பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. நிமிர்ந்து நிற்கவும் கட்டளைக்கு ஒன்றாக அடியெடுத்து வைக்கவும் பழகியிருந்தார்கள்.

கெடாவில் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை அந்த மாற்றத்தின் பிள்ளை. தோட்டத்தைச் சுத்தமாக வைப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, குடியை ஒழிப்பது அதன் வேலை. குடித்துவிட்டு வந்தவனைப் பிடித்து விசாரித்துத் தண்டித்தார்கள். அந்தத் தண்டனைகள் சில வேளை கடுமையாகவும் இருந்தன, அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. 1947 பிப்ரவரி 28-ஆம் தேதி பீடோங் கள்ளுக்கடை முன் மறியல் செய்தவர்களோடு போலீஸ் மோதியது. கைதுகள், தடியடி, நீதிமன்றம் என்று அந்த ஆண்டின் முற்பகுதி முழுக்கக் கெடாத் தோட்டங்கள் கொதித்தன. கள்ளுக்கடையைக் காக்கப் போலீஸ் வந்ததை அந்த மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அதே காலத்தில் நெகிரி செம்பிலானில் வேறொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. கேரளத்திலிருந்து இளவயதில் வந்த பி.பி. நாராயணன், 1946-ல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் இயங்கத் தொடங்கினார். மோதலைவிடப் பேச்சுவார்த்தையையும் சட்டத்தையும் நம்பிய சங்கம் அது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது இடதுசாரிச் சங்கங்கள் நசுக்கப்பட்டன, தொண்டர் படை வகை இயக்கங்களுக்கு இடமில்லாமல் போனது. நிதானமான சங்கங்கள் பிழைத்தன. அவை 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாக ஒன்றிணைந்தன, நாராயணன் நெடுங்காலம் அதன் பொதுச்செயலாளராக இருந்தார். கூலி, விடுப்பு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றில் அந்தச் சங்கம் பெற்றுத் தந்தவை பல. ஆனால் கள்ளுக்கடை முன் நின்ற அந்த ஆவேசம் பேச்சுவார்த்தை மேசைக்கு வரும் வழியில் கரைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் தோட்டக் கள்ளுக்கடைகள் தொடர்ந்தன.

இந்த மக்களுக்குக் காசைச் சேர்க்கத் தெரியாது என்பார்கள். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுக் கிளம்பியபோது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வரும் நிலை. 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். கொடுத்தார்கள். நாள் கூலிக்காரர்களின் பத்துப் பத்து வெள்ளியில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நம்பி வைக்க ஓரிடம் கிடைத்தபோது கள்ளுக்கடைக்குப் போகாமல் அந்தக் காசு அங்கே போனது.

அடுத்த தலைமுறையில் கள்ளைச் சம்சு ஓரங்கட்டியது. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நாலைந்து பங்கு. சட்டப்படி உரிமம் பெற்று விற்கப்பட்ட சம்சுவில் 37 பங்கை ஒட்டி இருக்கும். 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சிறு சம்சுப் புட்டியில் இருக்கும் சாராயம் ஒரு லிட்டருக்கும் கூடுதலான கள்ளுக்குச் சமம். ஒரு லிட்டர் கள்ளைக் குடிக்க உட்கார வேண்டும், நேரம் வேண்டும், வயிறு இடம் கொடுக்க வேண்டும். சிறு புட்டியை மளிகைக் கடை வாசலில் நின்றபடி இரண்டு மடக்கில் முடித்துவிட்டு, காலிப் புட்டியை வடிகாலில் எறிந்துவிட்டுப் போகலாம். விலையோ ஒரு சில வெள்ளி. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இந்தச் சிறு புட்டிகளுக்கு எதிராகப் போராடியது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் அது தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சந்தித்து, சம்சு எங்கெங்கே எப்படி விற்கிறது, வீடுகளில் என்ன செய்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதிக் குவித்தது.

என்ன செய்தது என்பதைப் பெண்களிடம் கேட்க வேண்டும். கணவனுக்கு நிகராக நிரை பிடித்துப் பால் வெட்டி, வீடு திரும்பிச் சமைத்து, சம்பளம் போட்ட நாளில் புருஷன் கடைக்குப் போகுமுன் அரிசிக்கும் பள்ளிச் சீருடைக்கும் கொஞ்சம் பிடுங்கிவைக்க ஆபீஸ் வாசலில் காத்து நின்றவர்கள் அவர்கள். அடி வாங்கியவர்கள், அண்டை லயத்துக்கு ஓடி ஒளிந்தவர்கள், நாற்பது வயதில் மஞ்சள் பாரித்த கண்ணும் வீங்கிய வயிறுமாகக் கணவனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்கள். தொடர்குடி ஈரலைச் சுருங்கி இறுகச் செய்யும். ஈரல் இறுகினால் வயிற்றில் நீர் கட்டும், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்து ஒருநாள் வெடிக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் மட்டும் மதுவால் உலகில் 26 லட்சம் பேர் இறந்தார்கள். மலேசியாவில் அதே ஆண்டு எடுத்த தேசிய நல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் மது அருந்துபவர் ஏறக்குறைய 12 விழுக்காடுதான். நாடு முழுவதற்குமான சராசரி இப்படிச் சிறிதாக இருப்பதால், ஒரு லயத்தின் நோவு அதில் தெரியாமல் போய்விடுகிறது.

தோட்டங்கள் கரையத் தொடங்கியது 1980-களிலிருந்து. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் தோட்ட நிலங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்தவர்கள், கையில் சிறு தொகையோடு மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் போனார்கள். கோயிலும் பந்துத் திடலும் பெரியவர்களின் அதட்டலும் பின்னால் நின்றுவிட்டன.

அங்கே காத்திருந்தது இன்னொரு போதை. 1970-களில் ஹெராயின் மலேசிய இளைஞரிடையே பரவியது. 1983 பிப்ரவரியில் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அரசு அறிவித்தது, அதே ஆண்டு கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனையும் அடிமைப்பட்டவர்களுக்குக் கட்டாய மறுவாழ்வுச் சட்டமும் வந்தன. நெகிரி செம்பிலானில் ஜெலுபுவில் ஒரு மறுவாழ்வு மையம் இயங்கிவருகிறது. 2005-லிருந்து ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் கொடுக்கும் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. கட்டாய மரண தண்டனை 2023-ல் நீக்கப்பட்டது. இப்போது ஹெராயினைப் பின்தள்ளிவிட்டு சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் முன்னால் நிற்கிறது. அதற்கு மெத்தடோன் போல ஒரு மாற்று மருந்து இன்னும் இல்லை. தாத்தா கள்ளுக்கடையில், அப்பா சம்சுவில், மகன் சியாபுவில் என்று ஒரே குடும்பத்துக்குள் மூன்று காலங்களையும் அடையாளம் காட்டக்கூடிய வீடுகள் இருக்கின்றன.

அரசின் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருளுக்கானது. மது அதன் வரம்புக்குள் வரவில்லை. ஹெராயினில் விழுந்தவனைத் தேடி அரசாங்கம் வரும், சம்சுவில் விழுந்தவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அவன் குடும்பம் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும், தேவாலயங்களும் தனியார்களும் நடத்தும் இல்லங்களுக்கும், கோயில் நேர்த்திக்கும் இடையே அலைகிறது. அரசு செய்த திருத்தங்கள் தாமதமாக வந்தன. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயது 18-லிருந்து 21-க்கு உயர்ந்தது. சம்சு வகைக் கலவை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த புட்டியில் விற்கக் கூடாது என்ற விதியும் வந்தது. பயனீட்டாளர் சங்கம் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். அதற்குள் சிறு புட்டி ஒரு தலைமுறையைத் தின்றுவிட்டது.

இன்று நெகிரி செம்பிலானின் செம்பனைத் தோட்டங்களில் தமிழர் குறைவு. வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் தனி ஆண்கள், முகவரிடம் கடன்பட்டு வந்தவர்கள், குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டவர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மது குடித்த 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேபாளிகள், வங்காளதேசத்தவர், மியன்மார்க்காரர் என்று அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். அந்தப் புட்டிகளில் கலந்திருந்தது மெத்தனால். குடிக்கும்போது அது சாதாரண மதுவைப் போலவே இருக்கும். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறும்போது பல மணி நேரம் கடந்திருக்கும். முதலில் கண் மங்கும், பிறகு மூச்சு வாங்கும். நேரத்தோடு வந்தவர்களுக்கு மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் செய்து காப்பாற்ற முடிந்தது. கடப்பிதழ் முதலாளியிடம் இருக்க, ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிபடுவோமோ என்று அஞ்சும் தொழிலாளிக்கு அந்தச் சில மணி நேரம்தான் கிடைப்பதில்லை.